கல்யாணமாகி ஏழு வாரம் ஆகவில்லை, ஸ்கேனில் எட்டு வாரம் என்று வருவது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளச்சல் பக்கம் ஊர். ஜனவரி 22 அன்று கல்யாணம். பிப்ரவரி 25 அன்று மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். மார்ச் 11 அன்று நாகர்கோவிலில் மனைவிக்கு ஸ்கேன் எடுத்தபோது கருவுக்கு 8 வாரம் 2 நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்திலிருந்து எண்ணினால் அன்றைக்கு 48 நாள்தான். ஏழு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. வீட்டில் யாரோ விரல்விட்டு எண்ணிப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் பிள்ளை எப்படி வளரும், பிரசவம் வரை என்னென்ன நடக்கும், தூரத்தில் இருக்கும் நான் எதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நீளமாகக் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு வரி, ‘வாரக் கணக்கு இடிக்கிறது, அவளிடம் கேட்கலாமா?’ உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மனைவியை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது பொதுவான விஷயங்களை மட்டும்தான். ஆனால் இந்தத் தேதிக் கணக்கை ஆயிரக்கணக்கான கர்ப்பிணி அட்டைகளில் என் கையாலேயே போட்டு எழுதியிருக்கிறேன். அதனால் தயக்கமில்லாமல் சொல்கிறேன், கணக்கு இடிக்கவில்லை. சரியாகப் பொருந்துகிறது.

கர்ப்பத்தின் வாரக் கணக்கு கரு உண்டான நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஏனென்றால் கரு எந்த நாளில் உண்டானது என்பதை யாரும் பார்ப்பதில்லை. மாதவிடாய் வந்த நாள் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிடாய் வருகிறவர்களுக்குச் சுமார் 14ஆம் நாளில் சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வரும். அது உயிரோடு இருப்பது ஒரு நாள் போல. ஆணின் விந்தணு கருக்குழாயில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கரு. அப்படியென்றால் ‘இரண்டு வாரக் கர்ப்பம்’ என்று எழுதப்படும் நாளில் கருவே கிடையாது, அன்றைக்குத்தான் அது உருவாகவே போகிறது. உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணுகிறார்கள், எல்லாக் கர்ப்பத்திலும் இந்த இரண்டு வாரம் கூடுதலாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் சீட்டைப் பார்ப்போம். அதில் எல்.எம்.பி. என்ற இடத்தில் ஜனவரி 12 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கடைசி மாதவிடாயின் முதல் நாள். ஜனவரி 12 முதல் மார்ச் 11 வரை 58 நாள், அதாவது 8 வாரம் 2 நாள். முட்டை வெளிவந்திருக்கக்கூடிய நாள் ஜனவரி 26 வாக்கில். கல்யாணம் முடிந்து நான்காம் நாள். அதே சீட்டில் இ.டி.டி., அதாவது பிரசவம் எதிர்பார்க்கும் நாள், என்ற இடத்தில் அக்டோபர் 19 அல்லது ஓரிரு நாள் முன்பின்னாக ஒரு தேதி இருக்கும், பாருங்கள். அதிலிருந்து 266 நாள் பின்னால் எண்ணினாலும் ஜனவரி 26இல்தான் வந்து நிற்பீர்கள்.

இது ஆங்கில மருத்துவம் கொண்டுவந்த புதுக்கணக்கு என்று யாராவது சொன்னால், நம் பாட்டிமார் பேச்சை நினைவுபடுத்துங்கள். கர்ப்பமாக இருப்பவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றுதானே சொல்வார்கள்? தலைமுழுகிய கடைசி மாதத்திலிருந்துதான் அவர்களும் எண்ணினார்கள். ‘குளித்து எத்தனை நாள் ஆச்சு?’ என்பதுதான் மருத்துவச்சியின் முதல் கேள்வியாக இருந்தது. பத்து மாதம் சுமந்தேன் என்று தாய்மார் சொல்வதும் அந்தக் கணக்குத்தான். 28 நாள் கொண்ட பத்து மாதம் 280 நாள். டாக்டர் சொல்லும் 40 வாரமும் அதே 280 நாள்தான். ஆக, உங்கள் வீட்டில் பேசியவர் நம்முடைய பழைய கணக்கையும் மறந்துவிட்டார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் பக்கத்தில் கல்யாணத் தேதி குறிக்கும்போது பெண்ணின் அம்மாவிடம் தனியாகக் கூப்பிட்டு நாள் கேட்பார்கள். வீட்டுக்கு விலக்காகும் நாள் கல்யாணத்தில் வந்து விழக்கூடாது என்று பார்த்து முகூர்த்தம் வைப்பார்கள். அப்படி வைத்தால் முதல் சில நாள்களிலேயே முட்டை வெளிவரும் நேரம் வந்துவிடும். முதல் மாதத்திலேயே உண்டாகிவிட்ட எத்தனையோ புதுப்பெண்களுக்கு நான் அட்டை போட்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் வாரம் கல்யாண வாரத்தைவிட ஒன்று, ஒன்றரை, இரண்டு வாரம் கூடத்தான் இருக்கும்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதியையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் கருவின் நீளத்தை அளந்து வயதைச் சொல்கிறது. அதில் ஐந்து முதல் ஏழு நாள் வரை முன்பின் இருக்கலாம். முட்டை வெளிவருவதும் எல்லோருக்கும் 14ஆம் நாள் என்று சட்டம் கிடையாது. தகப்பன் யார் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது, அது அதன் வேலையும் இல்லை. ஆனால் உங்கள் மனதில் விழுந்த சந்தேகத்துக்குக் காரணமாக நீங்கள் எழுதியிருப்பது இந்த வாரக் கணக்கு ஒன்றைத்தான். கல்யாண நாளிலிருந்து எண்ணிய அந்தக் கணக்கு தப்பு. அதனால் அவளிடம் கேட்க வேண்டாம். என் வேலைக்காலத்தில் இதே இரண்டு வாரத்துக்காக ஒரு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலண்டரை எடுத்துக்கொண்டு போய், மாமனார் முன்னால் வைத்து ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டுக் காட்டினேன். அவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்தான் குழந்தை பிறந்து ஒரு வருடம் வரை அந்த வீட்டில் யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை. உங்கள் வீட்டில் சொன்னவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மனைவியின் காதுக்கு அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பிள்ளை வளரும் கதைக்கு வருவோம். கருக்குழாயில் உருவான கரு, பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டே ஒரு வாரம் போல நகர்ந்து வந்து கருப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு சுரக்கும் ஹார்மோனைத்தான் வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனை காட்டுகிறது. மாதவிடாய்க் கணக்கில் ஆறாம் வாரத்தில் இதயத் துடிப்பு ஸ்கேனில் தெரியத் தொடங்கும். மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் மூடுவதும் அந்த ஆறாம் வாரத்துக்குள்தான். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது. அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கரு உண்டாவதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறோம். உங்கள் மனைவி முன்பே சாப்பிட்டிருக்காவிட்டால் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. இப்போது கொடுத்திருப்பதை விடாமல் சாப்பிட்டால் போதும்.

இப்போது எட்டு வாரத்தில் உங்கள் பிள்ளை ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு. கை கால் மொட்டு விட்டிருக்கும். பத்து வாரத்துக்குள் முக்கிய உறுப்புகளுக்கெல்லாம் அடித்தளம் போட்டு முடிந்துவிடும். பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு சின்ன நெத்திலி நீளம் இருக்கும். அப்புறம் நடப்பதெல்லாம் போட்ட அடித்தளத்தின் மேல் கட்டுவது மாதிரிதான். 20ஆம் வாரத்தில் உச்சி முதல் குதிகால் வரை 25 சென்டிமீட்டர், எடை 300 கிராமுக்கு மேல். 28ஆம் வாரத்தில் ஒரு கிலோ. நுரையீரல்தான் கடைசியில் தயாராகும், அது 34, 35 வாரம் வரை இழுக்கும். அதற்கு முன்னால் பிறந்துவிடும் அபாயம் இருந்தால் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு வேண்டாம் என்று மறுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறுக்காதீர்கள், குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றுவதில் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் மூன்று மாதத்தைப் பற்றி ஒரு கஷ்டமான விஷயம். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. அதில் பாதிக்கு மேல் கரு உருவாகும்போதே குரோமோசோமில் ஏற்படும் பிழைதான் காரணம். குடம் தூக்கியதால், மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதால், மாடிப்படி ஏறியதால் என்று அந்தப் பெண்ணின் தலையில் பழி போடுவது தப்பு. அப்படி எதுவும் உங்களுக்கு நடக்காமல் இருக்கட்டும். நடந்தால், அவள் எதுவும் செய்ததால் அல்ல என்று முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சாப்பாட்டைப் பற்றி வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழுத்த பப்பாளி சாப்பிடலாம். பச்சைக் காயின் பாலில் கருப்பையைச் சுருங்க வைக்கும் பொருள் இருப்பதாக விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் எவ்வளவு சாப்பிட்டால் கெடுதல் என்பது தீர்ந்த விஷயமில்லை, அதனால் காயை மட்டும் தவிர்க்கலாம். அன்னாசிப்பழம் கருவைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகும் என்பது உண்மையில்லை, அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம். மீன் என்றால் நமக்குக் குறைவே கிடையாது. சாளை, நெத்திலி, அயிலை மாதிரி சின்ன மீன்கள் மிக நல்லது. சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது நம் கடற்கரையில் பழைய வழக்கம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இடத்தில் சாளையை வைக்கச் சொல்லித்தான் நான் எப்போதும் கேட்டிருக்கிறேன். மரச்சீனியும் சோறும் வயிற்றை நிறைக்கும், பிள்ளைக்குச் சதை வைக்க முட்டை, பயறு, மீன், முருங்கைக்கீரை வேண்டும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை இரண்டாவது மூன்று மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், கொஞ்சம் மலச்சிக்கல் வரும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை அலமாரியில் ஒளித்துவைக்கும் பெண்கள் ஏராளம். அந்த மாத்திரையைச் சாயா குடிக்கும் நேரத்தில் போடக்கூடாது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக்கூடாது. இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது.

தேதிகளை உங்கள் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 6க்குள், அதாவது 12 வாரம் முடிவதற்குள், உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இது வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் வாசல். மார்ச் 30 முதல் ஏப்ரல் 19 வரையிலான நாள்களில் அடுத்த ஸ்கேன். மே 18 முதல் ஜூன் 1 வரையிலான இரண்டு வாரத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பெரிய ஸ்கேன். இதைத் தவறவிடவே கூடாது. ஆணா பெண்ணா என்று அங்கே யாரும் கேட்க வேண்டாம், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் சொல்வதும் குற்றம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை இல்லை என்று வந்தாலும் 24 வாரம் தாண்டி மறுபடி பார்க்க வேண்டும்.

தூரத்தில் இருந்தாலும் உங்களால் இன்றைக்கே செய்ய முடிகிற ஒரு காரியம் உண்டு. உங்கள் ரத்த வகையை எழுதி அனுப்புங்கள். அவளுக்கு நெகட்டிவ், உங்களுக்குப் பாசிட்டிவ் என்றால் 28ஆம் வாரத்தில் ஒரு ஊசியும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்றும் தேவைப்படும். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த பிள்ளையைக் காப்பாற்றவே அந்த ஊசி.

பிள்ளை அசைவதை முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்துக்குள் உணரத் தொடங்குவார்கள். முதலில் வாயுவா பிள்ளையா என்று பிடிபடாது. 28 வாரத்துக்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழக்கம் அமைந்துவிடும், சிலது சாப்பிட்ட பிறகு புரளும், சிலது ராத்திரி முழுக்க. அந்தப் பழக்கம் தாய்க்குத்தான் தெரியும், எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. வழக்கத்தைவிடக் குறைந்தால் இடதுபக்கமாகப் படுத்துக் கவனிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் காலைக்குத் தள்ளக்கூடாது. மாதம் நிறைந்தால் இடம் போதாமல் பிள்ளை அடங்கிவிடும் என்று சொல்வது தப்பு. அசையும் விதம் மாறலாம், அசைவது குறையக்கூடாது. கடற்கரை ஊர் ஒன்றில் ஒன்பதாம் மாதத்தில் இருந்த ஒரு பெண், மதியத்திலிருந்து பிள்ளை அசையவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். தலை இறங்கிவிட்டது, அதான் அடங்கிக் கிடக்கிறது என்று சமாதானம் சொல்லி விட்டார்கள். மறுநாள் காலை என்னிடம் வந்தாள். எவ்வளவு நேரம் தேடியும் துடிப்பு கேட்கவில்லை. ராத்திரியே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. ஆனால் அதன் பிறகு வேலையில் இருந்த கடைசி நாள் வரை எந்தக் கர்ப்பிணி வந்து உட்கார்ந்தாலும் என் முதல் கேள்வி ‘பிள்ளை அசையுதா மக்கா?’ என்பதாகத்தான் இருந்தது. நீங்களும் போனில் அதையே கேளுங்கள்.

இரத்த அழுத்தம் 20 வாரத்துக்கு மேல் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் போனால் கவனம் தேவை. கால் வீக்கம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் முகம் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் வலிப்பு வரைக்கும் போகக்கூடிய நோயாக இருக்கலாம். ரத்தப்போக்கு, மாதம் நிறையுமுன் தண்ணீர் போவது, குளிர்காய்ச்சல் இவற்றுக்கும் உடனே 108. குளச்சல் பக்கத்திலிருந்து தக்கலையில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிக்கல் என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி. எந்த வண்டி, யார் கூட வருவார்கள், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதை ஏழாம் மாதத்தில் பலகாரம் கொண்டுபோய் அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிச் செல்லும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். தாய்வீட்டுக்கு மாறினால் அட்டையும் சோதனை முடிவுகளும் அவளோடு போக வேண்டும். இதை மறந்துவிட்டு வலியோடு வெறுங்கையாக வந்து நிற்பவர்கள்தான் எங்களை அதிகம் தவிக்க வைத்தார்கள்.

இனி வலி. கடைசி வாரங்களில் வயிறு அவ்வப்போது கல் மாதிரி இறுகித் தளரும். சீரகக் கஷாயம் கொடுத்தோ, கொஞ்சம் நடந்தோ, படுத்தோ பார்த்தால் அடங்கிவிடும், அதைச் சூட்டு வலி என்பார்கள். பேறுகால வலி அடங்காது. இடுப்பிலிருந்து கிளம்பி முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூடுதலாக இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாக அப்படியே வந்தால் கிளம்ப வேண்டிய நேரம். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். தண்ணீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அதை ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டும், பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். வலியைத் தொடங்கி வைப்பது எது என்று மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகத் தெரியாது. பிள்ளை, நஞ்சு என்கிற நஞ்சுக்கொடி, தாயின் உடம்பு மூன்றும் சேர்ந்து எடுக்கிற முடிவு என்கிற அளவுக்குத்தான் தெரியும்.

கருப்பையின் வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். முதல் நான்கைந்து சென்டிமீட்டர்தான் மெதுவாகப் போகும், ஒரு நாள்கூட ஆகலாம். இதில்தான் குடும்பங்கள் பொறுமை இழக்கின்றன. ‘இவ்வளவு நேரமாகப் பிள்ளை துடிக்கிறாள், ஆபரேஷன் செய்துவிடுங்கள்’ என்று சண்டை போடுவார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும், முதல் பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள். முழுதாகத் திறந்த பிறகு முக்கி வெளியே கொண்டுவர முதல் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் வரை போகலாம். பிள்ளை வந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடுவார்கள், அது நஞ்சு பிரிந்து வரவும் ரத்தப்போக்கைக் குறைக்கவும். அரை மணி நேரத்துக்குள் நஞ்சு வந்துவிட வேண்டும். பிள்ளைப்பேற்றில் தாய் இறந்துபோகப் பெரிய காரணம் பிள்ளை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்குதான். வீட்டில் பெற்றுக்கொள்ளலாம் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பேசுபவர்களை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு அதுதான் காரணம். பிரசவம் இயற்கையானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, ரத்தம் நிற்காமல் போவதும் இயற்கையில் நடப்பதுதான்.

ஆபரேஷனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவம் ஆபரேஷன்தான். இது தேவைக்கு மேல் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் மனைவிக்குத் தேவைப்படுமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. பிள்ளையின் துடிப்பு குறைந்தாலோ, தலை கீழே திரும்பாவிட்டாலோ, நஞ்சு கருப்பையின் வாயை அடைத்துக் கிடந்தாலோ ஆபரேஷன் உயிர் காக்கும், அப்போது தயங்கக்கூடாது. நல்ல நட்சத்திரம் பார்த்து 39 வாரம் முடியுமுன் தேதி குறித்து எடுப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கணக்கில் அது அக்டோபர் 12. அதற்கு முன் காரணமில்லாமல் எடுத்த பிள்ளைகள் மூச்சுவிடத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். மஞ்சளாக, கெட்டியாக வரும் சீம்பாலைப் பிழிந்து கொட்டக்கூடாது. சேனை தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ யாரும் வாயில் வைக்க வேண்டாம், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். யார் தொட்டு வைத்தால் நல்ல குணம் வரும் என்று வீட்டில் ஆசையோடு பேசுவார்கள். பெரியவர் மனம் நோகாமல் பிள்ளையைக் கையில் கொடுத்து உச்சி முகரச் சொல்லுங்கள். பேறுகால மருந்து, வேது வைத்துக் குளிப்பது எல்லாம் அளவோடு இருக்கட்டும். தண்ணீர் குடிக்கவிடாமல் வைப்பதை மட்டும் நிறுத்துங்கள், பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் அவள் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அது திமிர் இல்லை, மருத்துவம் தேவைப்படும் நோய்.

லீவு எப்போது போடலாம் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். அக்டோபர் 19க்கு டிக்கெட் போடாதீர்கள். குறித்த தேதியில் பிறப்பது நூற்றில் நாலைந்து பிள்ளைகள்தான். 37 வாரம் முடிவது செப்டம்பர் 28, 42 வாரம் முடிவது நவம்பர் 2, இதற்கு நடுவில் எந்த நாளிலும் வரலாம். 41 வாரம் தாண்டினால், அதாவது அக்டோபர் 26 வாக்கில், பெரும்பாலும் மருந்து வைத்து வலி வரவழைப்பார்கள். ஒரு மாத லீவுதான் கிடைக்கும் என்றால் அக்டோபர் முதல் வாரக் கடைசியில் வந்து இறங்குங்கள். வடகிழக்கு மழை தொடங்கும் நேரம் அது. 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது மரங்கள் சாய்ந்து ரோடு அடைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாமல் நாள் கணக்கில் கிடந்தோம். அப்போது நிறைமாதமாக இருந்தவர்களை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடிக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் வலிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அவளுக்கு வாந்தி அதிகம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை அது உச்சத்தில் இருக்கும், பிறகு குறையும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் சாயா குடிக்காமல் இரண்டு ரஸ்க்கோ ஒரு மட்டிப்பழமோ சாப்பிடட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் போனாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலோ, தலை சுற்றி விழுந்தாலோ குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். இன்று ராத்திரி போன் செய்யும்போது இதைக் கேளுங்கள். காலையிலிருந்து எத்தனை தடவை வாந்தி, என்ன தங்கியது, சிறுநீர் என்ன நிறம். பதில் சரியில்லை என்று தோன்றினால் நாளைக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.